அறிந்த காசும் அறியா விலையும்: இந்தியக் கணக்கு நூல்களில் பணக்கணக்கும் இயற்கணிதமும்

முன்னுரை

தமிழில் 'கணக்கு' என்னும் சொல் மிக அகன்ற பொருட்பரப்பினை உடையது. எண்ணைக் கையாளும் கலை, வரவு செலவு எழுதும் ஏடு, ஒருவர் பிறருக்குக் காட்ட வேண்டிய பொறுப்பு ஆகிய மூன்றையும் அச்சொல் ஒருங்கே குறிக்கின்றது. நூலின் பெயராகவும் அது வழங்கியமைக்குப் பதினெண்கீழ்க்கணக்கு என்னும் தொகைப்பெயரே சான்றாகும். ஆயினும் கணித வரலாறு பற்றிய தமிழ் எழுத்துகளில் இச்சொல் இரு கூறாகப் பிளவுபட்டு நிற்பதைக் காணலாம். கடைத்தெருவின் பணக்கணக்கு ஒருபுறமும், பள்ளிக்கூடத்தின் இயற்கணிதம் மறுபுறமுமாக வைக்கப்படுகின்றன. முன்னது நம்முடைய நடைமுறை அறிவு என்றும், பின்னது ஐரோப்பியக் கல்வி வழியாக வந்து சேர்ந்த அருவச் சிந்தனை என்றும் கருதப்படுகின்றது.

சான்றுகள் இப்பிரிவினைக்கு இடம் தரவில்லை. இந்திய மண்ணில் இயற்கணிதம் கடனும் வட்டியும் விலையும் பேசும் மொழியிலேயே உருப்பெற்றது. அதன் கலைச்சொற்கள் பலவும் பணப்பையிலிருந்து எடுக்கப்பட்டவை. அதே வேளையில், விடுபட்ட எண் ஒன்றைத் தேடும் பழங்கணக்கு எதனைக் கண்டாலும் அதனை இயற்கணிதம் என்று பெயரிட்டு மகிழும் ஆர்வமும் அண்மைக் காலத்தில் பெருகியுள்ளது. அந்த ஆர்வத்திற்கும் சான்றுகள் துணை நிற்கவில்லை. வடமொழிக் கணித நூல்களின் பணக்கணக்குகளையும் தமிழ்க் கணக்கு மரபின் பணக்கணக்குகளையும் அருகருகே வைத்து இவ்விரு கருத்துகளையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ரூபமும் ரூபாயும்

ஆரியபட்டர் கி.பி. 499ஆம் ஆண்டைத் தம் நூலில் குறிக்கிறார். அவருடைய ஆரியபட்டீயத்தின் கணிதபாதத்தில், செல்வம் சமமாக உள்ள இருவரைப் பற்றிய விதி ஒன்று இடம்பெற்றுள்ளது. ஒவ்வொருவரிடமும் விலை தெரியாத பொருள்கள் சிலவும் காசுகள் சிலவும் உள்ளன. விலை தெரியாப் பொருளை ஆரியபட்டர் 'குளிகை' என்கிறார். காசினை 'ரூபகம்' என்கிறார். இருவருடைய காசுகளின் வேறுபாட்டைக் குளிகைகளின் வேறுபாட்டால் வகுத்தால் ஒரு குளிகையின் விலை கிடைக்கும் என்பது விதி. இன்றைய மாணவர் எட்டாம் வகுப்பில் கற்கும் ஒருபடிச் சமன்பாட்டின் தீர்வும் இதுவே. சமன்பாட்டின் இரு பக்கமும் சமம் என்பது இங்கே இருவர் செல்வம் சமம் என்பதாக நிற்கின்றது.

'ரூபம்' என்னும் சொல் இவண் கூர்ந்து நோக்கத்தக்கது. உருவம் பொறித்த காசு ரூபகம் எனப்பட்டது. ரூபாய் என்னும் நாணயப் பெயரின் மூலமான 'ரூப்ய' என்பதும் அதே வேரினது. பிற்காலப் பீஜகணித நூல்களில், அறியாக் கணியத்தோடு சேராது தனித்து நிற்கும் எண்ணிற்கு 'ரூபம்' என்பதே பெயர். 'ரூ' என்னும் முதலெழுத்தால் அது குறிக்கப்பட்டது. அறியாக் கணியத்திற்கு 'யாவத்தாவத்' என்று பெயர், 'எவ்வளவோ அவ்வளவு' என்பது அதன் பொருள், குறியீடு 'யா'. அறிந்த எண்ணின் பெயரும் நாணயத்தின் பெயரும் ஒரே வேரில் நிற்பதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட இயலாது. விலை தெரியாப் பொருளும் கையிலுள்ள காசும் எதிரெதிரே வைக்கப்பட்ட காட்சியை இக்குறியீடு நினைவில் வைத்திருக்கிறது எனலாம்.

பிரமகுப்தர் 628இல் இயற்றிய பிராமஸ்புடசித்தாந்தத்தின் பதினெட்டாம் இயலில் இத்தொடர்பு மேலும் வெளிப்படையாகின்றது. மிகை எண்ணிற்கு அவர் ஆளும் சொல் 'தனம்'. குறை எண்ணிற்கு ஆளும் சொல் 'ருணம்'. முன்னது செல்வம், பின்னது கடன். இரு கடன்களின் கூட்டல் கடன் என்பதும், சமமான செல்வமும் கடனும் சேர்ந்தால் சூனியம் என்பதும் எந்த வணிகருக்கும் விளக்கமின்றிப் புரியக்கூடியவை. கடனைக் கடனால் பெருக்கினால் செல்வம் வரும் என்னும் விதியைக் கடைத்தெருவில் எவரும் காட்ட முடியாது. சொல் கடைத்தெருவிலிருந்து வந்தது. விதி அதனைக் கடந்து சென்றுவிட்டது. இயற்கணிதம் என்னும் துறை தனியே பிரியத் தொடங்கும் இடம் இதுவே.

பாஸ்கரர் தம் பீஜகணிதத்தில் எடுத்துரைக்கும் குதிரைக் கணக்கு இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். ஒருவரிடம் 300 ரூபமும் 6 குதிரைகளும் உள்ளன. மற்றவரிடம் 10 குதிரைகள் உள்ளன. ஆனால் அவருக்கு 100 ரூபம் கடன் உண்டு. குதிரைகள் யாவும் ஒரே விலையின. இருவர் செல்வமும் சமம். எனின் குதிரையின் விலை யாது? ஏட்டில் இது இரண்டு வரிகளாக எழுதப்படும்: மேல்வரி 'யா 6 ரூ 300', கீழ்வரி 'யா 10 ரூ 100', கடனைக் காட்ட 100இன் தலையில் ஒரு புள்ளி. இரு வரிகளும் சமம் என்பதனை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுவதே உணர்த்திவிடும். 300க்கும் கடனாகிய 100க்கும் இடையேயுள்ள வேறுபாடு 400. குதிரைகளின் வேறுபாடு 4. எனவே விலை 100. ஒவ்வொருவர் செல்வமும் 900. ஆரியபட்டரின் குளிகை விதியும் பிரமகுப்தரின் கடன் விதியும் இங்கு ஒரே கணக்கில் சந்திக்கின்றன.

இதே பாஸ்கரர் வேறோரிடத்தில், இருபடிச் சமன்பாடு ஒன்றன் இரு விடைகளுள் குறை எண்ணாக வருவதனை ஏற்காது விடுகிறார். தனித்து நிற்கும் குறை எண்ணை உலகத்தார் ஒப்புவதில்லை என்பது அவர் கூறும் காரணம். கணக்கின் நடுவில் கடன் வரலாம், விடையாக வரலாகாது. கணிதத்தின் தருக்கமும் உலக வழக்கும் முரணும்போது அவர் உலக வழக்கின் பக்கம் நின்றார் என்பது இத்துறை அன்றாட வாழ்வோடு கொண்டிருந்த உறவின் ஆழத்தைப் புலப்படுத்துகின்றது.

பூர்ச்ச மரப்பட்டையில் எழுதிய விலைகள்

பெஷாவர் அருகேயுள்ள பக்ஷாலி என்னும் ஊரில் 1881இல் நிலத்தைத் தோண்டியபோது பூர்ச்ச மரப்பட்டையில் எழுதப்பட்ட கணிதச் சுவடி ஒன்று கிடைத்தது. சாரதா எழுத்தில் அமைந்த அச்சுவடியின் எஞ்சிய 70 ஏடுகள் ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் உள்ளன. அதன் காலம் நெடுங்காலமாக வாதத்திற்குரியது. 2017இல் வெளியிடப்பட்ட கரிமக் காலக்கணிப்பு, ஏடுகளுக்கு மூன்று வெவ்வேறு காலங்களைத் தந்தது: 224–383, 680–779, 885–993. ஒரே கையால் எழுதப்பட்டதாகத் தோன்றும் சுவடிக்கு இவ்வாறு மூன்று காலம் வருவது எங்ஙனம் என்னும் வினாவைக் கணித வரலாற்றாசிரியர் உடனே எழுப்பினர். அவ்வினா இன்னும் தீரவில்லை. எனவே இச்சுவடியைக் காட்டி எந்த முதன்மையையும் நிறுவ முயல்வது பொருந்தாது. அதன் உள்ளடக்கம் வேறு வகையில் பயனுடையது.

அச்சுவடியில் அறியாக் கணியத்தின் இடத்தில் ஒரு புள்ளி நிற்கின்றது. சூனியத்தின் குறியும் அதே புள்ளிதான். குறை எண்ணைக் காட்ட எண்ணின் பின் ஒரு கூட்டல் வடிவக் குறி இடப்படுகின்றது. இன்றைய வாசகரை ஒரு கணம் திகைக்கச் செய்யும் வழக்கம் இது. அதில் மூன்று வணிகர் பற்றிய கணக்கு ஒன்று உண்டு. முதல்வரிடம் ஒருவகைக் குதிரைகள் 7, இரண்டாமவரிடம் வேறுவகைக் குதிரைகள் 9, மூன்றாமவரிடம் ஒட்டகங்கள் 10. ஒவ்வொருவரும் மற்ற இருவருக்கும் தம் விலங்கில் ஒவ்வொன்றைத் தருகின்றனர். அதன்பின் மூவர் செல்வமும் சமமாகின்றது. விலைகள் யாவை?

கொடுத்தபின் முதல்வரிடம் தம் குதிரைகள் 5உம் பிறர் விலங்குகள் ஒவ்வொன்றும் இருக்கும். மூவரிடமும் மூவகை விலங்கிலும் ஒவ்வொன்று பொதுவாக இருத்தலின் அவற்றை நீக்கிவிடலாம். எஞ்சுவன முதல்வரிடம் 4 குதிரை, இரண்டாமவரிடம் 6 குதிரை, மூன்றாமவரிடம் 7 ஒட்டகம். இவை சம மதிப்பின. 4, 6, 7 ஆகிய மூன்றையும் பெருக்கினால் 168. அதனை முறையே வகுத்தால் விலைகள் 42, 28, 24. ஒவ்வொருவர் செல்வமும் 262. சுவடியும் இவ்விடையையே தருகின்றது. விலைகளின் விகிதமே உறுதியானது, விலைகள் அல்ல என்பதனையும் நோக்க வேண்டும். 21, 14, 12 என்றாலும் கணக்கு நிறைவுறும். ஒரே விடை இல்லாத கணக்கை மாணவர்க்குத் தரலாம் என்னும் துணிவு இன்றைய பாடநூல்களில் அரிதாகிவிட்டது.

வட்டியின் இரு முகங்கள்

பணக்கணக்குகளுள் மிக வளம் வாய்ந்தது வட்டிக் கணக்கு. ஆரியபட்டர் இதற்கென ஒரு விதி தருகிறார். ஒரு முதல் ஒரு மாதத்திற்குக் கடனாக விடப்படுகின்றது. கிடைத்த வட்டி, அளவு தெரியாதது, அதே வீதத்தில் மீண்டும் சில மாதங்களுக்கு விடப்படுகின்றது. முதல் மாத வட்டியும், அவ்வட்டிக்குக் கிடைத்த வட்டியும் சேர்ந்த தொகை மட்டும் தெரியும். மாத வட்டி எவ்வளவு? முதல் 100, காலம் 4 மாதம், சேர்ந்த தொகை 6 என வைத்துக் காணலாம். முதல், தொகை, காலம் மூன்றையும் பெருக்க 2400. முதலில் பாதியின் வர்க்கம் 2500. இரண்டும் சேர 4900. அதன் வர்க்கமூலம் 70. இதில் முதலில் பாதியாகிய 50ஐக் கழிக்க 20. காலத்தால் வகுக்க 5. சரிபார்ப்பின், 100க்கு 5 வட்டி, அந்த 5க்கு 4 மாதத்தில் வட்டி 1, கூடுதல் 6. இது இருபடிச் சமன்பாட்டின் தீர்வு என்பதில் ஐயமில்லை. குறியீடு ஏதுமின்றி, வட்டிக்கு வட்டி என்னும் வாழ்வியல் சிக்கலிலிருந்தே அது எழுகின்றது.

1150இல் பாஸ்கரர் இயற்றிய லீலாவதி நாணய வாய்பாட்டோடு தொடங்குகின்றது: 20 சோழி ஒரு காகிணி, 4 காகிணி ஒரு பணம், 16 பணம் ஒரு திரம்மம், 16 திரம்மம் ஒரு நிஷ்கம். பின்னர் ஐந்திராசிக் கணக்கில், 100க்கு ஒரு மாத வட்டி 5 எனின் 16க்கு ஓராண்டு வட்டி யாது என்று வினவுகின்றது. விடை 9⅗. மாதம் நூற்றுக்கு ஐந்து என்றால் ஆண்டிற்கு அறுபது. இக்கொடிய வீதம் நூலாசிரியரின் கற்பனையா? அர்த்தசாத்திரம் நூற்றுக்கு மாதம் 1¼ பணத்தை அறத்திற்குரிய வட்டியாகவும், 5 பணத்தை வணிக வட்டியாகவும், காட்டு வழிச் செல்வோர்க்கு 10, கடல் வழிச் செல்வோர்க்கு 20 எனவும் வகுக்கின்றது. ஆகவே ஐந்து என்னும் எண் வழக்கில் வேர்கொண்டதே. எனினும் பல நூற்றாண்டு இடைவெளியிலும் கணக்கு நூல்களில் அதே ஐந்து தொடர்வதை நோக்கின், அது கணக்கிட எளிதான எண் என்பதனாலும் நிலைபெற்றிருக்கலாம். கணக்கு நூலின் எடுத்துக்காட்டைப் பொருளியல் ஆவணமாக எடுத்தாள்வோர் இவ்வெச்சரிக்கையை மறத்தல் கூடாது.

இதனைத் தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளோடு ஒப்பிடுவது பயனுடையது. இராசராசன் காலத்தில் அக்கோயிலின் அறக்கட்டளைப் பணம் ஊர்ச்சபைகளுக்குக் கடனாகத் தரப்பட்டது. ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை என்பது அங்குக் காணப்படும் வீதம். அதாவது எட்டில் ஒன்று, நூற்றுக்குப் பன்னிரண்டரை. லீலாவதியின் அதே 16 காசு இவ்வீதத்தில் ஆண்டுக்கு 2 காசு மட்டுமே ஈட்டும். 9⅗ எங்கே, 2 எங்கே! கடன் பெற்றது ஊர்ச்சபை என்பதும், தந்தது கோயில் என்பதும், கடன் நிலைத்து நிற்க வேண்டும் என்பதே நோக்கம் என்பதும் இவ்வேறுபாட்டிற்குக் காரணமாகலாம்.

கல்வெட்டின் கணக்கு திசை மாறியது என்பதும் கருதத்தக்கது. லீலாவதி முதலைத் தந்து வட்டியை வினவும். அறக்கட்டளை அமைப்பவர் செலவைத் தந்து முதலை வினவுவார். ஆண்டுக்கு 3 காசு செலவாகும் விளக்கொன்றை அழியாது எரிக்க எவ்வளவு முதல் வேண்டும்? அரைக்கால் வீதத்தில் 24 காசு. எட்டால் பெருக்குதல் என்னும் எளிய செய்கை இது. வினவும் முறையில் மட்டும் இது தலைகீழ்க் கணக்கு. குறியீடு எதுவும் தேவைப்படவில்லை. வீதத்தை எட்டில் ஒன்றாக வைத்தமையே கணக்கனின் வேலையை எளிதாக்கியது. இருபடிச் சமன்பாடு தேவைப்படாதவாறு வாழ்க்கையை அமைத்துக்கொள்வதும் ஒருவகைக் கணித அறிவுதான்.

லீலாவதியின் மற்றொரு பணக்கணக்கை வாசிப்போர் எளிதில் கடந்து செல்ல இயலாது. தலைகீழ் மூவிராசிக்கு எடுத்துக்காட்டாகப் பாஸ்கரர் அடிமைப் பெண்ணின் விலையைத் தருகிறார். பதினாறு வயதினளுக்கு 32 நிஷ்கம் எனின் இருபது வயதினளுக்கு எவ்வளவு? வயது ஏற விலை இறங்கும், விடை 25⅗. செய்கை குற்றமற்றது. மனிதரின் விலை வயதோடு தலைகீழ் விகிதத்தில் அமையும் என்பதனை எந்தத் தயக்கமுமின்றி மாணவர்க்குரிய எடுத்துக்காட்டாக வைக்க முடிந்த காலம் அது. இக்கணக்கை நவீன மறுபதிப்புகளில் மெல்ல நீக்கிவிட எண்ணுவது தவறு. அன்றைய சந்தையைப் பற்றி அது சொல்வதனை வேறு எந்தப் புகழுரையும் சொல்லாது.

தமிழ்க் கணக்கு மரபு

திருக்குறளின் கல்வி அதிகாரத்திற்கு உரை வகுக்கும் பரிமேலழகர், எண் என்னும் கணிதத்தை விளக்குமிடத்து ஏரம்பம் முதலிய நூல்களைச் சுட்டுகிறார். அந்நூல் இன்று இல்லை. எஞ்சியவற்றுள் தலையாயது காரி நாயனாரின் கணக்கதிகாரம். அதன் காலம் பற்றி ஆய்வாளரிடையே கருத்தொற்றுமை இல்லை. வெண்பாவும் பிறவுமாக அமைந்த அந்நூல் நிலம், பொன், நெல், அரிசி முதலிய பொருள்வாரியாகக் கணக்குகளை வகுத்துச் செல்கின்றது. செய்கை வகையால் அல்லாமல் பொருள் வகையால் பகுத்திருப்பதே அதன் நோக்கத்தை உணர்த்தும். வடமொழி நூல் 'மூவிராசி' என்று தலைப்பிட்டு நெல்லையும் பொன்னையும் அதனடியில் வைக்கும். தமிழ் நூல் 'பொன்' என்று தலைப்பிட்டு மூவிராசியை அதனடியில் வைக்கும்.

பொற்கணக்கில் இரு மரபுகளும் மிக நெருங்கி வருகின்றன. எடையை மாற்றால் பெருக்கி, அனைத்தையும் கூட்டி, மொத்த எடையால் வகுக்க, உருக்கிச் சேர்த்த பொன்னின் மாற்றுக் கிடைக்கும். பத்து மாற்றுப் பொன் 10 கழஞ்சும் ஏழு மாற்றுப் பொன் 5 கழஞ்சும் சேர்ந்தால் 135ஐ 15ஆல் வகுக்க ஒன்பது மாற்று. லீலாவதி இதனோடு நில்லாமல், சேர்த்த பொன்னின் மாற்றுத் தெரிந்து, சேர்ந்த துண்டு ஒன்றன் மாற்றுத் தெரியாதபோது அதனைக் காணும் விதியையும் தருகின்றது. பத்தரை மாற்றுத் தங்கம் என்னும் தொடர் தமிழ்ப் பேச்சில் இன்றும் வாழ்வது, இக்கணக்கு ஒரு காலத்தில் எவ்வளவு பரவலாக அறியப்பட்டிருந்தது என்பதற்கு அறிகுறி.

தமிழ் மரபின் தனிச்சிறப்பு கீழ்வாயிலக்கத்தில் உள்ளது. முந்திரி 1/320, காணி 1/80, அரைமா 1/40, மா 1/20, மாகாணி 1/16, அரைக்கால் 1/8 எனப் பின்னங்கள் ஒவ்வொன்றும் தனிப்பெயரும் தனிக்குறியும் பெற்றன. முந்திரியின் கீழ் கீழ்முந்திரி. அது முந்திரியில் 320இல் ஒன்று, அதாவது 1/1,02,400. தஞ்சைக் கல்வெட்டில் ஒரு வேலியின் 5,242,88,00,000இல் ஒரு கூறு வரை நிலம் அளக்கப்பட்டமையைக் கல்வெட்டறிஞர் பலர் வியந்துரைத்துள்ளனர். அந்த எண், 320ஐ நான்கு முறை பெருக்கி ஐந்தால் மீண்டும் பெருக்கிய தொகை. எந்த அளவுகோலும் அவ்வளவு நுண்ணிய நிலத்தை அளந்திராது. வரிக்கணக்கை வகுத்துச் சென்றபோது எஞ்சிய பின்னத்தைக் கைவிட மனமில்லாத கணக்கனின் நேர்மையே அதில் தெரிகின்றது. திண்ணைப் பள்ளிகளில் பொன்னிலக்கமும் நெல்லிலக்கமும் எண்சுவடியும் குழிமாற்றும் மனப்பாடமாகக் கற்பிக்கப்பட்டதும் இந்நேர்மையைக் கைப்பழக்கமாக்கும் பொருட்டே. செந்தில் பாபுவின் ஆய்வுகள், இம்மனப்பாடத்தைச் சிந்தனையற்ற ஒப்புவித்தலாக எண்ணும் போக்கை மறுத்து, நினைவாற்றல் அங்கே கணக்கிடும் கருவியாகச் செயற்பட்டதனை நிறுவியுள்ளன.

இவ்வளவும் கூறியபின், கணக்கதிகாரத்தில் இயற்கணிதம் உண்டா என்னும் வினாவிற்கு நேரிய விடை கூற வேண்டியுள்ளது. பீஜகணித நூல்கள் ஆளும் பொருளில் இல்லை. அறியாக் கணியத்திற்குப் பெயரிட்டு, அதனை அறிந்த எண் போலவே கூட்டியும் கழித்தும் பெருக்கியும் செல்லும் முறை அந்நூலில் காணப்படவில்லை. பலாப்பழத்தின் காம்பருகே உள்ள முட்களை எண்ணி ஆறால் பெருக்கி ஐந்தால் வகுத்துச் சுளைகளை அறியும் புகழ்பெற்ற பாடல் ஓர் அனுபவ விகிதம். அதனைச் சமன்பாடு என்பது சொல்லைத் தளர்த்துவதாகும். தமிழ்க் கணக்கனுக்குக் குறியீட்டு இயற்கணிதம் வேண்டியிருக்கவில்லை. அவன் எதிர்கொண்ட கணக்குகள் பின்னத்தின் நுட்பத்தை வேண்டின. அந்நுட்பத்தில் அவன் எவர்க்கும் பின்னிற்கவில்லை. இல்லாததை ஏற்றிக் கூறுவதால் இருப்பதன் பெருமை குறையுமேயன்றி மிகாது.

மொழிபெயர்ப்புகளின் பாதை

மகாவீரரின் கணிதசாரசங்கிரகம் இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில், ஏறத்தாழ 850இல் எழுந்தது. பாவுலூரி மல்லனர் அதனைத் தெலுங்காக்கினார். சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் மு. ரங்காச்சாரியார் 1912இல் ஆங்கில மொழிபெயர்ப்புடன் அதனைப் பதிப்பித்தார். லீலாவதியை 1587இல் அக்பரின் அவைப்புலவர் பைசி பாரசீகத்தில் பெயர்த்தார். பீஜகணிதத்தை ஷாஜகான் காலத்தில் அதாவுல்லா ரஷீதி பெயர்த்தார். கோல்புரூக்கின் ஆங்கிலப் பெயர்ப்பு 1817இல் வெளிவந்தது.

இப்பாதையின் இறுதியில் நிற்பவர் தில்லிக் கல்லூரி ஆசிரியர் ராம்சந்திரர். 1821இல் பானிபட்டில் பிறந்த இவர், 1850இல் கல்கத்தாவில் ஒரு நூலை வெளியிட்டார். பெரும, சிறும மதிப்புகளை நுண்கணிதத்தின் துணையின்றி இயற்கணிதத்தாலேயே காண்பது அந்நூலின் பொருள். 10ஐ இரு கூறாக்கி அவற்றின் பெருக்குத்தொகை மிகப் பெரிதாமாறு செய்க என்பது போன்ற கணக்கை எடுத்துக்கொள்ளலாம். பெருக்குத்தொகையைத் தெரிந்த எண்ணாகக் கொண்டு கூறுகளைத் தேடினால், விடையில் 25இலிருந்து அத்தொகையைக் கழித்து வர்க்கமூலம் காண வேண்டி வரும். குறை எண்ணுக்கு வர்க்கமூலம் இல்லை என்பது மகாவீரரே கூறியது. ஆகவே பெருக்குத்தொகை 25ஐ மிஞ்ச இயலாது; கூறுகள் ஐந்தும் ஐந்தும். வளைகோடு எதனையும் வரையாமலே அதன் உச்சி கண்டறியப்பட்டுவிட்டது. இலண்டன் கணித அறிஞர் டி மார்கன் இந்நூலின் மதிப்பை உணர்ந்து 1859இல் அதனை அங்கே மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். துருவ் ரைனாவும் இர்பான் ஹபீபும் ராம்சந்திரரை விரிவாக ஆராய்ந்துள்ளனர். தமிழில் அவரைப் பற்றிய எழுத்து மிகக் குறைவு.

கோடும் கட்டமும்

வரைபடம் மட்டும் உண்மையிலேயே புதிய வரவு. இந்தியக் கணிதம் படம் வரையாத கணிதம் அன்று. பாஸ்கரர் இரு அறியாக் கணியங்களின் பெருக்கம் வரும் சமன்பாட்டைச் செவ்வகங்களாகப் பிரித்துக் காட்டி நிறுவுகிறார். ஆனால் அங்கே கணியம் பரப்பாக நிற்கின்றது. ஒரு கணியம் மாற மற்றது எவ்வாறு மாறுகின்றது என்பதனை இரு அச்சுகளுக்கிடையே கோடாக இழுத்துக் காட்டும் முறை, 1637இல் வெளிவந்த தெக்கார்த்தின் நூலிற்குப் பின் ஐரோப்பாவில் வளர்ந்தது.

அம்முறையின் பயனை அறியப் பாஸ்கரரின் குதிரைக் கணக்கையே கட்டத்தாளில் வரைந்து பார்க்கலாம். கிடையச்சில் குதிரையின் விலை, செங்குத்தச்சில் செல்வம். முதல்வரின் கோடு 300இல் தொடங்கி விலை ஒன்று ஏற ஆறு ஏறும். மற்றவரின் கோடு அச்சுக்குக் கீழே 100இல் தொடங்கிப் பத்துப் பத்தாக ஏறும். குதிரைக்கு விலையே இல்லையெனின் இருவர்க்கும் இடையே 400 வேறுபாடு. விலை ஒவ்வொன்று ஏறும்போதும் அவ்விடைவெளி நான்கு குறையும். 100ஆம் விலையில் இரு கோடுகளும் 900 உயரத்தில் சந்திக்கும். அதற்கு அப்பால் கடனாளியே செல்வர். ஏட்டு வரிகள் இரண்டும் விடையை மட்டும் சொல்லும். விடைக்கு முன்னும் பின்னும் நிகழ்வதனைக் கோடு சொல்லும். கடன் என்னும் சொல்லும் இங்கே ஓரிடம் பெற்றுவிடுகின்றது: அச்சுக்குக் கீழ்.

கலைச்சொற்களும் கலைந்துபோன வரலாறும்

இருபதாம் நூற்றாண்டில் கணிதக் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்கியோர் ஆங்கிலச் சொற்களை முன்வைத்தே தமிழ்ச் சொற்களை வகுத்தனர். தமிழகப் பாடநூல்களில் மிகை, குறை என்பனவும், மாறி, மாறிலி என்பனவும் நிலைபெற்றன. இலங்கைப் பாடநூல்களில் நேர், மறை என்பனவும் அட்சரகணிதம், தெரியாக் கணியம், வரைபு என்பனவும் வழங்குகின்றன. இவை தம்மளவில் நல்ல சொற்களே. குறிப்பாகத் தெரியாக் கணியம் என்பது 'மாறி'யைக் காட்டிலும் தொடக்க மாணவர்க்குப் பொருத்தமானது. எனினும் இச்சொற்களில் தனமும் ருணமும் மறைந்துவிட்டன. குறை எண்களைக் கூட்டத் திணறும் மாணவருக்கு ஆசிரியர் இறுதியில் சொல்வது, கையில் ஐந்து ரூபாய், கடன் எட்டு ரூபாய் என்பதே. பிரமகுப்தரின் சொல்லை ஆசிரியர் அறியாமலேயே மீட்டெடுக்கிறார். வரவு, கடன், முதல், பொலிசை, நிலுவை எனத் தமிழ்க் கல்வெட்டும் வழக்கும் தரும் சொல்வளம் கலைச்சொல்லாக்கத்தில் பயன்கொள்ளப்படவில்லை.

நாணய மாற்றத்திலும் இதனையொத்த ஓர் இழப்பு நேர்ந்தது. 1957 ஏப்ரல் 1 வரை ஒரு ரூபாய் 16 அணா. ஓர் அணா 12 தம்பிடி. ஆக ரூபாய்க்கு 192. அன்று முதல் ரூபாய்க்கு 100 நயா பைசா. மூவர் ஒரு ரூபாயைப் பகிர்ந்தால் பழைய முறையில் ஆளுக்கு 5 அணா 4 தம்பிடி, மீதமில்லை. புதிய முறையில் ஆளுக்கு 33. ஒரு பைசா எஞ்சும். ஐவர் பகிர்ந்தால் நிலை தலைகீழாகும். அணாவிற்குச் சரியான மதிப்பு 6¼ நயா பைசா. கால் பைசாவிற்கு நாணயம் இல்லாமையால், மாற்று அட்டவணை ஓர் அணாவிற்கு 6, இரண்டு அணாவிற்கு 12, மூன்று அணாவிற்கு 19, நான்கு அணாவிற்கு 25 என வகுத்தது. இதன்படி ஓரணாப் பொருளைப் பதினாறு முறை தனித்தனியே வாங்கியவர் 96 பைசா கொடுத்தார். மூவணாப் பொருளைப் பதினாறு முறை வாங்கியவர், 300 தர வேண்டிய இடத்தில் 304 கொடுத்தார். எதனை எத்தனை முறை வாங்குவது என்பதே ஒரு கணக்காகிவிட்டது.

அணா முறை 64ஐ மூன்றால் பெருக்கியது. தமிழ்க் கீழ்வாயிலக்கம் 64ஐ ஐந்தால் பெருக்கியது. இவ்வேறுபாட்டின் விளைவு ஒன்று உண்டு. அணாவோடு இயைந்த மாகாணி புதிய நாணயத்தில் 6¼ ஆகிப் பொருந்தாது போயிற்று. மா அவ்வாறன்று. ஒரு மா சரியாக ஐந்து பைசா, இருமா பத்து, மும்மா பதினைந்து, நாலுமா இருபது. பதின்ம நாணயத்திற்கென்றே செய்து வைத்தாற்போன்ற சொற்கள் எண்சுவடியில் ஆயத்தமாக இருந்தன. ஆனால் 1957க்குள் திண்ணைப் பள்ளியும் எண்சுவடியும் வழக்கொழியும் நிலையை அடைந்திருந்தன. மக்கள் நாவில் எஞ்சி நின்றவை அணாச் சொற்களே. 25 பைசா நாணயம் 2011 சூன் 30உடன் செல்லாததாகும் வரை, தமிழகத்தில் அதன் பெயர் நாலணா.